ஆற்றில் போட்டாலும்

ஓநாயைக் கொன்றால் தோல் விழும்.
எப்போதும் விழாது.
நூற்றுக்கு ஏழு தரம்.
அந்த ஏழை எழுதியது நான்.

ஐந்தென்றால் சலித்துப்போய் மூடிவிடுகிறார்கள்.
பத்தென்றால் பசி ஆறிவிடுகிறது.
ஏழில்தான்
இன்னும் ஒரேயொரு ஓநாய், இன்னும் ஒன்றே ஒன்று என்று
விடிய மூன்று மணிவரை இருக்கிறார்கள்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பதற்கு
மொன்றியலில் சம்பளம் தருகிறார்கள்,
பல் வைத்தியக் காப்புறுதியோடு.

சென்ற தை மாதம், வெளியே மைனஸ் இருபத்தெட்டு,
வடக்கு மலைக்குப் பின்னால் ஓர் ஏரி செய்தேன்.
நாணல், படகுத்துறை, கவிழ்ந்த தோணி ஒன்று.
நீரில் நிலா நடுங்குவதற்கு மட்டும்
நாலு நாள் பிடித்தது.
மிச்சம் மீன் பட்டியல்.
அதை நிரப்ப உட்கார்ந்தபோது
டேகேரிலிருந்து அழைப்பு, மகனுக்குக் காய்ச்சல்.
சப்பாத்துக் கயிறு கட்டாமல் மெட்ரோவுக்கு ஓடினேன்.
பட்டியல் வெறுமையாகவே போய்ச் சேர்ந்தது
பதினொரு லட்சம் பேருக்கு.

அங்கே தூண்டில் போடலாம்.
தக்கை மிதக்கும். தண்ணீர் வளையம் வளையமாக விரியும்.
அவ்வளவுதான்.

சித்திரையில், கணக்குப் பார்க்கிற தீபோ
கோப்பியோடு என் மேசைக்கு வந்தான்.
"அந்த ஏரிக்குள் அப்படி என்னத்தை வைத்திருக்கிறாய்?
இரவிரவாக நாலாயிரம் பேர்."

பெயர் காட்டாத உருவமொன்றில் நானும் போனேன்.
கவசம் கழற்றிய வீரர்கள்.
கொம்பு வைத்த மந்திரக்காரிகள்.
நெருப்புச் சிறகுக் குதிரையை நாணலில் கட்டிவிட்டுத்
துறையில் கால் தொங்கப்போட்டபடி ஓர் அரக்கன்.
கதைத்துக்கொண்டிருந்தார்கள்.
விவாகரத்துப் பத்திரத்தில் நாலாம் பக்கம் புரியவில்லை என்று ஒருவர்.
ரெஜைனாவுக்கு வெளியே லொறி பழுதாகி நிற்கிற ஒருத்தி.
கீமோவுக்குப் பிறகு நித்திரை வராத ஒருவர்;
அவருக்காக மற்றவர்கள் முறை வைத்து
விழித்திருந்தார்கள்.

மீன் இருக்கிறதென்று சிலர் சத்தியமே செய்தார்கள்.
வாளைத் தரையில் வைக்கவேண்டுமாம்.
மழை பெய்யவேண்டுமாம்.
அமாவாசையில் மட்டும் வருமாம்.
அந்த உலகத்துக்கு நான்
அமாவாசையே எழுதவில்லை.

மேலிடம் முடிவெடுத்தது: ஒரு பொன்மீன்.
அதைக் கோட்டையில் வைக்கக் கண்ணாடித் தொட்டி,
நாலு டொலர் தொண்ணூற்றொன்பது சதம்.
நூற்றுக்கு எத்தனை என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
பழக்கதோஷம்,
வாய் ஏழு என்றது.

முதல் நாள் இரண்டு லட்சம் பேர்.
துறையில் கால்வைக்க இடமில்லை.
ஒருவரும் கதைக்கவில்லை.
பிடித்தவர்கள் படமெடுத்துக்கொண்டு போனார்கள்.
பத்தாம் நாள் நாணல் மட்டும்.
தீபோவின் கோடு மலையேறி இறங்கியது;
நல்ல காலாண்டு என்று கைதட்டினார்கள்.
நானும் தட்டினேன்.

நேற்றிரவு, பிள்ளை படுத்தபின், போய்ப் பார்த்தேன்.
அரக்கன் இருந்தான்.
குதிரையை விற்றுவிட்டானாம்.
மீன் படவில்லையா என்று கேட்டேன்.
"மூன்று தரம் கொத்திவிட்டது,
மூன்று தரமும் நூலை அறுத்துவிட்டேன்.
இந்த ஏரியை முதலில் செய்த ஆள்
தெரிந்துதான் செய்திருக்கிறது.
பிறகு வேறு யாரோ வந்து கெடுத்துவிட்டார்கள்."

பதில் அடிக்கத் தொடங்கினேன்:
காய்ச்சல், டேகேர், மறந்துபோன பட்டியல், அந்த ஏழு.
ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன்.
சந்தையில் ஆக மலிவான மூங்கில் தூண்டிலொன்று வாங்கிவந்து
அவனுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு
தக்கை அசையக்கூடாதே என்று
வேண்டிக்கொண்டிருந்தேன்.

நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று
என் பக்கம்தான்.